காசநோய் சிகிச்சையின் நடுவில் மனம் உடைந்தால்: மலையகத்தில் யாரிடம் முதலில் போவது?

டீ.பி. மருந்து தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. இருமல் குறைந்துவிட்டது, இரவில் வியர்ப்பதும் நின்றுவிட்டது. ஆனால் ஆள் யாரோடும் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். "இந்த மருந்தச் சாப்பிட்டு என்னாகப் போகுது" என்கிறார். இப்படி ஒரு நிலையில் குடும்பம் என்ன செய்யலாம்? நம் தோட்டப் பகுதிகளில் நான் பார்த்தவரை வழிகள் இவைதான்: சிகிச்சை முடியட்டும் என்று பொறுத்திருப்பது, மருந்தை நிறுத்திப் பார்ப்பது, கோயிலுக்கோ கோடாங்கியிடமோ போவது, டவுனில் பிரைவேட் டொக்டரிடம் தூக்க மாத்திரை வாங்குவது, மார்பு நோய் கிளினிக்கிலேயே சொல்வது, மனநல கிளினிக்குக்குப் போவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீ.பி. மாத்திரை தருகிற இடத்தில்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். மற்ற எந்த வழியும் அதற்கு அப்புறம்தான் பயன் தரும். சில வழிகள் அதைச் செய்யாமல் போனால் ஆபத்தாகவும் முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தச் சோர்வு மனசு பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், காசநோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மருந்துக்கு அடங்காத காசநோய் உள்ளவர்களிடம் அது இன்னும் கூடுதல். இலங்கையில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இது மூன்று பக்கத்தில் இருந்து வரலாம். நோயில் இருந்தே வரலாம்: கிருமியோடு உடல் போராடும்போது இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருட்கள் இரத்தத்தில் கூடுகின்றன. மூளைக்கு வேண்டிய செரட்டோனினை உடல் டிரிப்டோபான் என்ற பொருளில் இருந்துதான் செய்கிறது. இன்டர்ஃபெரான் அந்த டிரிப்டோபானை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது, அதனால் செரட்டோனின் குறைந்து மனம் சோரலாம். மருந்தில் இருந்து வரலாம். அதைக் கீழே பார்ப்போம். அப்புறம் வாழ்க்கையில் இருந்து வரலாம்: பேர் விழாத, அதாவது சம்பளமில்லாத நாட்கள், அக்கம்பக்கத்துப் பேச்சு, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவே "தள்ளி உட்காரு" என்று ஒதுக்கப்படுவது. மூன்றில் எது, அல்லது மூன்றும் சேர்ந்தா என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பொறுத்திருப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நோய் தணியத் தணிய, பசி திரும்பி, உடம்பில் தெம்பு ஏறும்போது பலருக்கு மனமும் தானாகத் தெளிகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் அழுகையும் பயமும் இருந்தால் அது செய்தி கேட்ட அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் சாதாரணக் காசநோய்க்கே சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. மனம் விட்டுப்போன ஒருவரால் ஆறு மாதம் தினமும் எழுந்து அந்தச் சிவப்பு மாத்திரைகளை விழுங்க முடியுமா? உடம்பு கொஞ்சம் தேறி, மனசு மட்டும் தேறாமல் நிற்கிற இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் ஆட்கள் கிளினிக் வருவதை விடுகிறார்கள். மனச்சோர்வு உள்ள காசநோயாளிகளிடம் சிகிச்சை பாதியில் நிற்பதும் மரணமும் கூடுதல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் பொறுப்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

மருத்துவர்கள் வைத்திருக்கிற எல்லை இரண்டு வாரம். பசியின்மை, களைப்பு, எடை குறைவு, தூக்கமின்மை எல்லாம் டீ.பி.யிலும் வரும், மனச்சோர்விலும் வரும். ஆகவே அவற்றை வைத்து அளக்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டம் இல்லையா? மனம் எந்நேரமும் பாரமாக, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் இதில் ஒன்றுக்காவது "ஆமா" என்றால் பொறுத்தது போதும். "நான் எல்லாருக்கும் சுமை" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம்கூடக் காக்க வேண்டாம்.

மருந்தை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழியே அல்ல. ஆனாலும் வீடுகளில் அது நடக்கிறது என்பதால் சொல்கிறேன். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் வருவது மருந்துக்கு அடங்காத காசநோய். அதற்குத் தருகிற மருந்துகளில் மனத்தைத் தாக்குகிறவை சாதாரண டீ.பி. மருந்துகளைவிட அதிகம். சைக்ளோசெரின் அதில் ஒன்று. கடுமையான மனச்சோர்வையும் சிலருக்குப் புத்தித் தடுமாற்றத்தையும் கொண்டுவரக்கூடியது. மனசுக்காக மருந்தை நிறுத்துகிறவர், மனசை இன்னும் கெடுக்கிற மருந்தை நோக்கித்தான் நடக்கிறார். ஏதாவது ஒரு மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டுமென்றால் அதை மார்பு நோய் டொக்டர் செய்யட்டும்.

சரி, அந்த கிளினிக்கில் சொன்னால் என்ன கிடைக்கும்? மூன்று பக்கத்தில் எது என்று பிரித்துப் பார்க்க அவர்களால்தான் முடியும். டீ.பி. மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் உடலில் உள்ள விட்டமின் பி6ஐக் குறைக்கிறது. கைகால் விறைப்பும் எரிச்சலும் அதனால் வரும் என்று பலருக்கும் தெரியும். ஆனால் மூளை தன் இரசாயனங்களைச் செய்வதற்கும் பி6 வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதைத் தடுக்கத்தான் தினமும் 10 முதல் 25 மில்லிகிராம் பி6 மாத்திரை தருகிறார்கள். சின்ன மாத்திரைதானே என்று வீட்டில் ஒதுக்கிவைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குடிப்பவர், நீரிழிவுக்காரர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், சாப்பாடு போதாதவர் ஆகியோருக்கு அது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ஈரல். சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, குமட்டல், படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு எல்லாம் மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கக் கூடாது. "மனசு சரியில்ல, அதான் சாப்பிடல" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கசிப்போ சாராயமோ குடிப்பவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஆபத்து அவருக்குக் கூடுதல்.

இடையில் ஒன்று. ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர் கெலவல்லா, பலயா போன்ற சூரை வகை மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கலாம். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை மருத்துவர்களே இதை எழுதிவைத்தார்கள். அந்தப் படபடப்பைப் பயம் என்றோ மனநோய் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். மீனை நிறுத்தினால் போதும், மாத்திரையை அல்ல.

மார்பு கிளினிக்கின் பலம் இது. சிகிச்சை முழுவதும் இலவசம் என்பதும் உண்டு. பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ போய்வர ஒரு நாள் போய்விடும். அந்த நாள் சம்பளமும் போய், பஸ் காசும் போகும். தினசரி மாத்திரையை வீட்டுக்கு அருகே உள்ள ஆஸ்பத்திரியிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ எடுக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் டிஸ்பென்சரி பக்கத்தில் இருப்பது எவ்வளவு வசதியோ, அங்கே போகிறவரை லயம் முழுக்கப் பார்ப்பது அவ்வளவு வேதனை. கூச்சம் தாங்காதவருக்கு டவுன் ஆஸ்பத்திரி நல்லது, நடையும் காசும் பார்க்கிறவருக்கு டிஸ்பென்சரி நல்லது. மனம் ஏற்கெனவே உடைந்தவர் என்றால் நான் டிஸ்பென்சரியைத்தான் சொல்வேன். தினமும் முகம் பார்த்து "இன்னைக்கு எப்படி இருக்கீங்க" என்று கேட்க ஒருவர் இருப்பதே அவருக்குப் பெரிய விஷயம். ஒரு நாள் வராவிட்டால் தேடவும் ஆள் இருக்கும்.

மொழிதான் இதைவிடப் பெரிய தடை. மஸ்கெலியாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கவ்வாத்து வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர். டீ.பி. என்றதும் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. நீல விளிம்பு போட்ட அந்தத் தகரத் தட்டை அடுப்படிக்குள் வைக்காமல் வெளியே ஆணியில் மாட்டியிருந்தார்கள். கிளினிக்குக்குப் போகும்போது துணைக்குப் பேத்தி. பள்ளியில் சிங்களம் படிக்கிறாள் என்பதால். டொக்டர் நல்லவர், அக்கறையாகத்தான் கேட்டார்.

"தாத்தா, ராத்திரியில தூக்கம் வருதான்னு கேக்குறாங்க."

"வருதுன்னு சொல்லு, கண்ணு."

"மனசுல கவலை இருக்கான்னு கேக்குறாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

பதினோரு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாத்தா வேறு பதில் சொல்வார்? இருமலை ஒரு பிள்ளை மொழிபெயர்க்கலாம். "செத்துப்போனா தேவலை" என்பதைப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்க முடியாது, சொல்லவைக்கவும் கூடாது. அதனால் கிளினிக்குக்குப் பெரியவர் ஒருவர் துணை போக வேண்டும். முடிந்தால் வீட்டுக்கு வெளியே உள்ள, நம்பகமான ஒருவர். தமிழ் தெரிந்த நர்ஸ், மிட்வைஃப், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எதில் நாட்டம் போனது, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா. தமிழில் எழுதினால் போதும், அங்கே படித்துச் சொல்ல ஆள் தேடுவார்கள். அந்தப் பெரியவர் விஷயத்தில் கடைசியில் உதவியது அப்படி ஒரு தாள்தான். அவருடைய மருமகன் எழுதியது.

தட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காசநோய் காற்றில் பரவுகிறது. தட்டு, கோப்பை, துணி இவற்றால் பரவுவதில்லை. மருந்து சரியாக வேலைசெய்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். குளிருக்குப் பயந்து எப்போதும் சாத்திவைத்திருக்கிற ஜன்னலைத் திறப்பதுதான் பலன் தரும். ஆணியில் தொங்குகிற தட்டு நோயைத் தடுப்பதில்லை. மனுசனை மட்டும் தினமும் மூன்று வேளை வெட்கப்படவைக்கிறது.

கோயிலுக்குப் போவதை நான் மற்ற வழிகளுக்கு எதிராக நிறுத்தமாட்டேன். மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டு தெம்பு பெற்றவர்கள் உண்டு. வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பதே நல்லதுதான். ஆனால் "செய்வினை, மருந்தை நிறுத்து" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். கடுமையான விரதமும் வேண்டாம். எடை கூட வேண்டிய நேரம் இது.

பிரைவேட் டொக்டரிடம் போவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற வழி. தூரம் குறைவு, யாருக்கும் தெரியாது, மாலையில் போகலாம், ஐந்து நிமிடத்தில் மாத்திரை கையில். ஆனால் அங்கே போகிறவர் டீ.பி. என்று சொல்வதில்லை, அதை மறைக்கத்தானே அங்கே போகிறார்! ரிஃபாம்பிசின், அதாவது சிறுநீரைச் செம்மஞ்சளாக்குகிற அந்த மருந்து, ஈரலை முடுக்கிவிட்டு மற்றப் பல மருந்துகளை வேகமாக எரித்துவிடுகிறது. டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதில் அடங்கும். மாத்திரை பலிக்கவில்லை என்று ஒன்றுக்கு இரண்டாகப் போடுவார்கள், பழக்கமும் பிடித்துக்கொள்ளும். அதோடு, தூக்க மாத்திரை மனச்சோர்வைக் குணப்படுத்துவதும் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் இதே காரணத்தால் பலிக்காமல் போகலாம் என்பதைப் பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிரைவேட் டொக்டரிடம் போவதே தப்பு என்று சொல்லவில்லை. போனால் டீ.பி. சிகிச்சை அட்டையை மேசைமேல் வையுங்கள்.

இனி, மார்பு கிளினிக்கில் பார்த்து, ஈரலும் பி6உம் சரி, ஆனாலும் மனச்சோர்வு நீங்கவில்லை என்றால் அடுத்த தேர்வு: பேச்சுவழிச் சிகிச்சையா, மாத்திரையா?

லேசானது என்றால் பேச்சுவழிதான் முதலில். டீ.பி. மருந்தோடு அது மோதாது, ஈரலைத் தொடாது. பெரிய படிப்புப் படித்தவர்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசவைத்தார்கள்; 2017இல் வெளியான முடிவில் அது நல்ல பலன் தந்திருந்தது. அதன் அடிப்படை எளிது. மனம் தெளிந்தபின் வேலை செய்வோம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் வைத்துச் செய்வது. அதனால் மனம் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். காலையில் வெயில் ஏறியதும் பாதை வரை நடந்து வருவது, தோட்டத்து லீக்ஸ் பாத்திக்கு நீர் விடுவது, பழைய கூட்டாளி ஒருவரோடு கொஞ்சநேரம் உட்காருவது. எழுதி வைத்துச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ஒருவர் அதைப் பற்றிக் கேட்கவும் வேண்டும். குறை என்னவென்றால், தமிழில் இதைச் செய்யத் தெரிந்த ஆலோசகர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பிரதேச செயலகத்தில் ஆலோசனை உத்தியோகத்தர் இருக்கிறாரா, தமிழ் பேசுவாரா என்று விசாரியுங்கள்.

நடுத்தரமோ கடுமையோ என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் உண்டு. மார்பு கிளினிக்கில் இருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அங்கே புதிதாக ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. காசநோய் மருந்துக்கும் மனச்சோர்வு மருந்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1952இல் நியூயோர்க்கின் சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியாசிட்டின் நெருங்கிய உறவான இப்ரோனியாசிட்டைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். அதில் இருந்துதான் முதல் தலைமுறை மனச்சோர்வு மருந்துகள் பிறந்தன. பின்னர் ஈரலைக் கெடுக்கிறது என்று இப்ரோனியாசிட்டைக் கைவிட்டார்கள். மனச்சோர்வு மருந்தாக வேலைசெய்த அந்தக் குணம் ஐசோனியாசிட்டுக்கும் லேசாக உண்டு. மனச்சோர்வு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிக் கவனித்துக் கூட்டுவதற்கு அது ஒரு காரணம்.

இப்போது தருகிற புளுவொக்செட்டின், செர்ட்ராலின் போன்றவற்றைப் பொதுவாக டீ.பி. மருந்தோடு கொடுக்கலாம், டொக்டர் கவனித்தால். செர்ட்ராலின், அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் இவற்றின் அளவை ரிஃபாம்பிசின் குறைக்கக்கூடும். பலிக்கவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினசோலிட் எடுப்பவர் விஷயம் வேறு. அதோடு இந்த வகை மாத்திரைகளைச் சேர்த்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதே காசநோய்க்குப் பெடாகுவிலின் எடுப்பவருக்கு இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துத்தான் எதையும் சேர்ப்பார்கள். இதற்காகத்தான் டீ.பி. டொக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்னொன்று, இந்த மாத்திரைகள் பலன் காட்ட இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். மூன்று நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

சாவைப் பற்றிப் பேசுகிறவரிடம் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அம்புலன்ஸுக்கு 1990, மனநல உதவிக்கு 1926. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் உள்ள பூச்சிமருந்தை அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், டீ.பி. மாத்திரை உட்பட மருந்துகள் வேறொருவர் கையில் இருக்கட்டும். 1990களின் நடுவில் இலங்கையில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தபின் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. கைக்கெட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி.

மாத்திரை வழியைத் தேர்ந்தவர்கள் ஒரு தேதியைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்: டீ.பி. சிகிச்சை முடிகிற நாள். ரிஃபாம்பிசின் நின்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை எரிந்துபோய்க்கொண்டிருந்த மனச்சோர்வு மருந்து இனி இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். அதே அளவைத் தொடர்ந்தால் தூக்கக் கலக்கம், தலைச்சுற்று, நடுக்கம் வரலாம். ஆகவே கடைசி டீ.பி. மாத்திரைக்கு முன்பே மனநல கிளினிக்கில் நாள் வாங்கிவையுங்கள். மனம் தேறியபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது அந்த மருந்தைத் தொடர வேண்டியிருக்கும், டீ.பி. அட்டையை மூடுகிற அன்றே இதையும் சேர்த்து நிறுத்திவிட வேண்டாம்.